நாலு தடவை சொன்னது

மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் அவருடைய வேலை. வங்கி, மருந்து கம்பெனி, விமான நிலையம் என்று எங்கே கூப்பிட்டாலும் போவார். சட்டைக் காலரில் ஒரு குட்டி மைக்கைச் செருகிக்கொண்டு, நாற்பது பேரை வட்டமாக உட்காரவைத்து, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, பிறர் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பதன் அருமையைப் பற்றித் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவார். யாராவது கையைத் தூக்கினால் "நல்ல கேள்வி" என்பார். பெரும்பாலும் கேள்வி முடிவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவார்.

அவருடைய ஐந்து படிகள் அந்த வட்டாரத்தில் பிரபலம். நில், பார், கேள், திருப்பிச் சொல், தாங்கு. ஐந்தாவது படியில் எதிரில் இருப்பவரின் கையை மூன்று எண்ணும் வரை பிடித்திருக்க வேண்டும். நான்கு எண்ணினால் உரிமை எடுத்துக்கொள்வதாகிவிடும், இரண்டோடு விட்டால் ஒப்பேற்றுவதாகிவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. அலுவலகத்தில் அவருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். அது அவர் காதுக்கும் வந்திருந்தது. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

வெளியில் கற்றுக்கொடுப்பதை வீட்டில் கடைப்பிடிக்காத ஆள் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. கடைப்பிடித்தார். அதுதான் தொல்லை.

"கேஸ் தீர்ந்துபோச்சுங்க" என்று மனைவி சொல்வாள்.

"கேஸ் தீர்ந்துபோச்சுன்னு சொல்ற. அது உனக்கு ஒரு தவிப்பக் குடுக்குது. நான் சரியா புரிஞ்சிக்கிட்டேனா?"

"புரிஞ்சிக்கிட்டீங்க. புக் பண்ணுங்க."

"புக் பண்றது தீர்வு. தீர்வுக்கு அவசரப்படக் கூடாது. முதல்ல உணர்வு."

அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ரொட்டியில் ஜாம் தடவிச் சாப்பிட்டார்கள். மூன்றாவது ஆள் மகள். பதினேழு வயது. அப்பா வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் காதில் எதையாவது செருகிக்கொள்ளும் வித்தை அவளுக்குக் கைவந்திருந்தது.

மனைவி ஒரு கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவள். இருட்டறை, உயரமான நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துகள். வருகிறவரின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, அதில் ஒரு வில்லையைப் போடுவாள், எடுப்பாள், இன்னொன்றைப் போடுவாள். "இது தெளிவா, இது தெளிவா?" என்று கேட்பாள். அப்புறம் சும்மா இருப்பாள். சிலர் உடனே சொல்வார்கள். சிலர் யோசிப்பார்கள், இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், மறுபடி மாற்றச் சொல்வார்கள். அவள் அவசரப்படுத்த மாட்டாள், எடுத்துக் கொடுக்கவும் மாட்டாள். ஒரு நாளைக்கு இருபது பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு, இருபது பேருடைய பதிலுக்கும் காத்திருந்துவிட்டு வீட்டுக்கு வருவாள். வீட்டில் அவளிடம் யாரும் எதையும் கேட்டுவிட்டுக் காத்திருந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பயிற்சியாளரின் தொண்டை கட்டியது. முதலில் கரகரப்பு, பிறகு வகுப்பின் பின்வரிசைக்குக் கேட்கவில்லை, பிறகு முன்வரிசைக்கே கேட்கவில்லை. மனைவியோடு தொண்டை மருத்துவரிடம் போனார்.

"என்ன வேலை பண்றீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

பயிற்சியாளர் பதினோரு நிமிடம் பதில் சொன்னார். மருத்துவருக்கு நோயின் காரணம் பாதி விளங்கிவிட்டது. மீதிக்குக் குழாய் விட்டுப் பார்த்தார். குரல் நாணில் பயறு அளவுக்கு ஒரு சதை வளர்ந்திருந்தது. எடுத்துவிடலாம், பயப்படும்படி ஒன்றுமில்லை, ஆனால் எடுத்த பிறகு இரண்டு வாரம் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. கிசுகிசுப்பு அதைவிட மோசம். அதற்கடுத்த இரண்டு வாரம் நாளைக்குப் பத்து நிமிடம் மட்டும் பேசலாம்.

"நீங்கதான் பார்த்துக்கணும்" என்று மருத்துவர் மனைவி பக்கம் திரும்பிச் சொன்னார்.

"நல்லா பார்த்துக்கறேன்" என்றாள் அவள். அப்போது அவள் முகத்தில் தெரிந்ததை மருத்துவர் கவலை என்று எடுத்துக்கொண்டார்.

சதையை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் அவருக்கு ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கிக் கொடுத்தாள். தன் தோழிகளிடம் "எங்கப்பா இப்போ மியூட்ல இருக்காரு" என்று சொல்லிக்கொண்டாள். பயிற்சியாளர் பலகையில் பத்தி பத்தியாக எழுதினார், முக்கியமான சொற்களுக்குக் கீழே கோடு போட்டார். மகள் அதை வாங்கி, ரயில் நிலையத்து அறிவிப்பு போல ஏற்ற இறக்கமில்லாமல் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் பேனாவில் மை தீர்ந்தது. வேறு பேனா வாங்கிவர அந்த வீட்டில் யாருக்கும் இரண்டு நாள் நேரம் கிடைக்கவில்லை.

பேச வழியில்லாத மனிதருக்குப் பார்ப்பதைத் தவிர வேறு வேலையில்லை. இருபது வருஷமாகக் குடியிருக்கும் வீட்டை அப்போதுதான் பார்த்தார். ஃபிரிட்ஜ் முனகுவது தெரிந்தது. மகள் தன்னோடு பேசாவிட்டாலும் அம்மாவோடு ஓயாமல் பேசுகிறாள் என்பது தெரிந்தது. மனைவி இடது பக்கம் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் முழுத் தலையையும் திருப்பிப் பார்த்துவிட்டு எடுக்கிறாள் என்பதும் தெரிந்தது. அவர் இடது பக்கம் உட்கார்ந்திருந்தால் அவர் அங்கே இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்வதில்லை.

புதுப் பேனா வந்ததும் அவர் பலகையில் எழுதினார்: "சில நாட்களாக நீ என்னோடு கண் தொடர்பைத் தவிர்க்கிறாய். குறிப்பாக இடது புறத்திலிருந்து. இது பற்றிப் பகிர விரும்புகிறாயா?"

அவள் பலகையைக் கையில் வாங்கி, வலது பக்கமாகத் தள்ளிப் பிடித்து, மெதுவாகப் படித்தாள்.

"ஆமா, தவிர்க்கறேன்" என்றாள். பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

அடுத்த புதன்கிழமை மதியம் வாசலில் மணி அடித்தது. மைத்துனன் வந்திருந்தான், மனைவியின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில் கம்பிவடங்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, தனியாகவே வேலை பார்க்கிறவன். பேச்சு குறைவு. அவனைப் பற்றிப் பயிற்சியாளருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தன் வகுப்புகளில் 'உணர்வுகளைச் சொல்லத் தெரியாத ஆண்' என்ற தலைப்பு வரும்போதெல்லாம் பெயர் சொல்லாமல் அவனைத்தான் சொல்வார்.

மனைவி கைப்பையோடு தயாராக நின்றாள். பயிற்சியாளர் பலகையில் "எங்கே?" என்று எழுதினார்.

"ஆஸ்பத்திரிக்கு, அத்தான்" என்றான் மைத்துனன். அவர் புருவத்தைத் தூக்குவதைப் பார்த்துவிட்டு அக்காவைப் பார்த்தான். "நீ சொல்லலையா?"

"சொன்னேனே" என்றாள் அவள்.

ஆஸ்பத்திரி என்றதும் பயிற்சியாளர் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு செருப்பை மாட்டினார். கூப்பிடாமலே காரில் ஏறிப் பின்சீட்டில் உட்கார்ந்தார். எழுதி நீட்டலாம் என்றால் ஓட்டுகிறவனுக்கும் முடியாது, முன்சீட்டில் இருப்பவள் திரும்புகிற மாதிரியும் தெரியவில்லை.

அது கண் ஆஸ்பத்திரி. வரிசையாக நீல நாற்காலிகள், சுவரில் ஓசையில்லாமல் ஓடும் டிவி, மூலையில் டீ மெஷின். நர்ஸ் கோப்போடு வந்தாள். மைத்துனனைப் பார்த்து, "வாங்க, போன வாரம் குடுத்த சொட்டு மருந்து ஒத்துக்கிச்சா அவங்களுக்கு?" என்று கேட்டாள். "கொஞ்சம் எரியுதுன்னாங்க" என்றான் அவன். இருவரும் நாலைந்து மாதமாகப் பழகியவர்கள் போலப் பேசினார்கள். உண்மையில் நாலு மாதமாகத்தான் பழகியிருந்தார்கள்.

பிறகு நர்ஸ் பயிற்சியாளரைப் பார்த்தாள். "நீங்க யாரு?"

அவர் பலகையில் "கணவர்" என்று எழுதிக் காட்டினார்.

நர்ஸ் அதைப் படித்தாள், கோப்பைப் புரட்டினாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். "ஓ, இருக்கீங்களா" என்றாள். அவளிடம் கிண்டல் எதுவும் இல்லை. தகவல் தெரிந்துகொண்டவள் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, மனைவியின் இரண்டு கண்ணிலும் மருந்து விட்டாள். கண் பாப்பா விரிய அரைமணி நேரம் ஆகும், கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள் என்றாள்.

மைத்துனன் டீ வாங்கிவரப் போனான். மனைவி கண்ணை மூடிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து வேகவேகமாக எழுதினார். உன் உணர்வுகள் நியாயமானவை என்று ஆரம்பித்து ஐந்து வரி. எழுதியதை அவள் மடியில் வைத்து விரலால் தட்டினார்.

அவள் கண்ணைத் திறந்து பலகையைப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியல. மருந்து விட்டிருக்கு. எல்லாம் புகை மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

வாயும் போய் எழுத்தும் போனது. பயிற்சியாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக முழுசாக வாயடைத்துப் போனார்.

கொஞ்ச நேரம் கழித்து அவளே பேச ஆரம்பித்தாள்.

"கடையில புதுசா ஒரு மெஷின் வந்துச்சு. கிண்ணம் மாதிரி இருக்கும். உள்ள தலைய வெச்சு நடுவுல இருக்கற வெளிச்சத்தையே பார்க்கணும். சுத்தி அங்கங்க புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும். வந்தா பட்டன அழுத்தணும். ஆளில்லாத மத்தியானம், நானே உட்கார்ந்து பார்த்தேன். வலது கண்ணு சரியா இருந்துச்சு. இடது கண்ணுல ஒரு பக்கம் புள்ளியே வரல. மெஷின் ரிப்பேர்னு நெனச்சேன். கம்பெனிக்கு போன் போட்டுக் கத்தினேன். ஒரு ஆள் வந்து பிரிச்சுப் பார்த்தாரு. மெஷின் நல்லா இருக்குன்னு எழுதி, என்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு."

டிவியில் யாரோ ஓசையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்ப நசுக்கிடுது. க்ளாக்கோமா. போன பார்வை திரும்பி வராது, இருக்கறதக் காப்பாத்தலாம். இத எத்தன பேருக்கு நானே சொல்லி டாக்டர்கிட்ட அனுப்பியிருக்கேன். அன்னிக்கு சாயந்திரம் வீட்டுக்கு வந்து உங்ககிட்ட, கண்ணுல ஏதோ பிரச்சினைன்னு சொன்னேன். 'பிரச்சினை'ங்கற சொல்ல மாத்திப் பாரு, 'சவால்'னு சொல்லிப் பாரு, மனசு லேசாகும்னு சொன்னீங்க."

பயிற்சியாளருக்கு அது ஞாபகம் வந்தது. நன்றாகச் சொன்னோம் என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

"ரெண்டாவது தடவ, எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். உங்களுக்கு ஒரே சந்தோஷம். பாரு, 'எனக்கு'ன்னு ஆரம்பிச்ச, யாரையும் குத்தம் சொல்லாம உன் உணர்வ மட்டும் சொன்ன, அருமைன்னீங்க. என்ன பயம்னு கேக்கறதுக்குள்ள உங்களுக்கு போன் வந்துடுச்சு. மூணாவது தடவ கதவுல இடிச்சிக்கிட்டேன். தோள் வீங்கிடுச்சு. நீ இந்த நொடியில இல்ல, மனசு எங்கயோ இருக்குன்னீங்க. இல்லங்க, எனக்கு இடது பக்கம் தெரியலன்னு சொன்னேன். எல்லாருக்குமே ஒரு பக்கம் தெரியாது, அதுதான் நம்ம குருட்டுப்புள்ளி, அத ஒத்துக்கவே ஒரு தைரியம் வேணும்னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் சொன்னீங்க."

அவள் மூச்சு விட்டுக்கொண்டாள்.

"நாலாவது தடவ நான் சொல்லல, நீங்கதான் சொன்னீங்க. ஒருத்தர் கண்ணாடி மாத்த வந்தாரு. உங்க க்ளாஸ்ல உட்கார்ந்தவராம். உங்க வீட்டுக்காரர் உங்களப் பத்திச் சொன்னாருங்க, எனக்கு இடது பக்கம் தெரியலன்னு நீங்களே தாழ்மையா ஒத்துக்கிட்டீங்களாமே, எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினோம், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சுன்னாரு. நான் அவருக்கு வில்லைய மாத்தி மாத்திப் போட்டு, இது தெளிவா, இது தெளிவான்னு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"அந்த வாரம் தம்பி குழாய் சரி பண்ண வந்தான். நான் மேஜையில முட்டிக்கிட்டதப் பார்த்தான். கண்ணு தெரியலையாக்கான்னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். நான் அழுதுட்டேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு புதன்கிழமையும் அவன் லீவு நாள்ல வந்து கூட்டிட்டு வரான்."

பயிற்சியாளருக்கு உடனே வெட்கம் வந்தது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது கோபம். தன்னிடம் சொல்லாமல் போயும் போயும் இவனிடம் சொல்லியிருக்கிறாளே என்று. இரண்டாவதாக, அந்தக் குருட்டுப்புள்ளி உதாரணத்தை இனிமேல் வகுப்பில் சொல்ல முடியாதே என்று ஒரு சின்ன வருத்தம்கூட வந்தது. பதில் சொல்ல வாய் இருந்திருந்தால் இந்த இரண்டோடு நின்றிருப்பார். வாய் இல்லாததால் உட்கார்ந்தே இருந்தார். உட்கார்ந்திருக்க இருக்க மூன்றாவதாகப் பயம் வந்தது. அவளுடைய மூடிய இமைகளுக்குக் கீழே மருந்து கசிந்து கன்னத்தில் இறங்கியது. அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் கையைப் பிடித்தார்.

"மூணு எண்ணிட்டு விட்டுடுவீங்க" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே.

அவர் மூன்று எண்ணிக்கொண்டுதான் இருந்தார். அவள் சொன்ன பிறகு விட மனசு வரவில்லை. முதலில் வீம்புக்குப் பிடித்திருந்தார். மைத்துனன் டீயோடு வந்து, பார்த்துவிட்டு, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து மூன்று கோப்பையையும் மடியில் வைத்துக்கொண்டான். நர்ஸ் வந்து கூப்பிடும்போது டீ ஆறிப்போயிருந்தது. கையை அவர் அப்போதும் விடவில்லை.

அழுத்தம் சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை என்றார் கண் மருத்துவர். கண்ணுக்குள் தேங்கும் தண்ணீர் வடிய ஒரு சின்ன வழி செய்துவிடும் ஆபரேஷன் வேண்டும் என்று, அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் நாள் குறித்தார்.

பயிற்சியாளரின் இரண்டு வாரமும் முடிந்தன. பத்து நிமிடப் பேச்சுக்கு அனுமதி கிடைத்த முதல் நாள், மனைவி வேலையிலிருந்து வந்ததும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, போனில் பத்து நிமிடம் குறித்துவைத்துவிட்டு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார். அந்தப் புதன்கிழமையிலிருந்து மனசுக்குள் எழுதி எழுதித் திருத்தியது. குரல் புதிதாக, கொஞ்சம் மெல்லியதாக இருந்தது. மன்னிப்பு என்றால் என்ன என்று விளக்கினார். மன்னிப்புக்கும் வருத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொன்னார். தன் அப்பா தன்னிடம் எப்படி நடந்துகொண்டார் என்று கொஞ்சம் சொன்னார். "அதனால நான் என்ன சொல்ல வரேன்னா" என்னும்போது போன் கிணுகிணுத்தது.

"மீதி நாளைக்கு" என்று மனைவி எழுந்து போனாள். அறைக்குள்ளிருந்து மகள் சிரிப்பது கேட்டது.

மறுநாள் அவர் தொண்டையைக் கனைத்ததும் அவள் கையைக் காட்டினாள். "நேத்து சொன்னதையே திருப்பிச் சொல்லாதீங்க. ஏதாவது கேளுங்க."

என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இருபது வருஷம் மற்றவர்களுக்குக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவர், ஒரு நிமிடம் விழித்துக்கொண்டு நின்றார்.

"பயமா இருக்கா?" என்றார் கடைசியில்.

"இருக்கு."

அருமை என்ற சொல் வாய் வரை வந்துவிட்டது. தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார். அவள் பேசினாள். ஆபரேஷன் பயம் இல்லை, வேலை பற்றித்தான் பயம் என்றாள். ஒரு பக்கம் தெரியாதவள் ஊராருக்குப் பார்வை அளக்கிறாள் என்று தெரிந்தால் கடையில் வைத்துக்கொள்வார்களா என்றாள். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை என்றாள். மகளுக்குத் தெரியும் என்றாள். அது அவருக்குச் சுருக்கென்றது. அன்றைக்குப் பத்து நிமிடத்தில் அவர் செலவழித்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மிச்சத்தை மறுநாளுக்குச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் போனில் விசாரித்தார். அப்படியெல்லாம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

குரல் முழுதாகத் தேறியதும் வேலைக்குப் போனார். முதல் வகுப்பு ஒரு காப்பீட்டு அலுவலகத்தில். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பெண்மணி எழுந்து, "சார், உங்க மனைவி குருட்டுப்புள்ளிய ஒத்துக்கிட்ட கதைய எங்க பக்கத்து ஆபீஸ்ல சொன்னீங்களாம். எங்களுக்கும் சொல்லுங்க" என்றாள்.

பயிற்சியாளர் திரையில் படம் மாற்றும் ரிமோட்டைக் கையிலிருந்து மேஜையில் வைத்தார்.

"அது கதை இல்லைங்க. உவமையும் இல்ல. அவளுக்கு நிஜமாவே கண்ணு தெரியல. அத அவ என்கிட்ட சொன்னா. எனக்குத்தான் காது கேக்கல. அத நான் ஊரெல்லாம் சொல்லிக் கை தட்டு வாங்கினேன்."

முதலில் ஒருவர் தட்டினார், இருவர் தட்டினார்கள், நாற்பது பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். எவ்வளவு ஆழமான உவமை என்று முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. கருத்துப் படிவத்தில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். அவருக்குத் தலைகுனிவாகவும் இருந்தது, உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது. இரண்டையும் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். இரண்டையும் சொன்னது அவருக்குப் பெரிய விஷயம்.

"இனிமே என் கண்ண விட்டுடுங்க" என்றாள் அவள். "உங்க காதப் பத்தி எவ்வளவு வேணாலும் பேசிக்குங்க."

ஆபரேஷன் அன்றைக்குக் காலையிலேயே அவளை உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். பயிற்சியாளரும் மைத்துனனும் வெளியே நீல நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பேச்சுத் துணைக்கு ஆள் தேடினால் பயிற்சியாளருக்குக் கிடைத்தது அவன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரைமணி நேரம் கழிந்த பிறகு மைத்துனன் தானாக வாயைத் திறந்தான்.

"அத்தான். உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளு, மச்சான்."

"அவ போயி ஒன்பது மாசம் ஆகுது."

தன் மனைவியைத்தான் அவன் சொன்னான். அவள் பிரிந்து தன் அக்கா வீட்டுக்குப் போன விஷயம் எல்லோருக்கும் தெரியும். காரணமும் தெரியும். கூட வாழ்ந்த ஆறு வருஷத்தில் இந்த ஆள் என்ன நினைக்கிறான் என்று எனக்கு ஒரு நாளும் தெரிந்ததில்லை, பேசாத மனிதனோடு இருப்பதற்குத் தனியாகவே இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் அக்கா மேஜையில் முட்டியதைப் பார்த்ததுமே கண்டுபிடித்தவனுக்கு, வீட்டில் ஆறு வருஷம் அழுதுகொண்டிருந்தவள் கண்ணில் படவில்லை. கண்ணில் பட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. தோன்றியும் இருக்கலாம். இவன் சொன்னால்தானே தெரியும்.

"ஒரு மெசேஜ் அனுப்பணும். என்ன எழுதறதுன்னு தெரியல. நீங்க இதெல்லாம் படிச்சவரு."

பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தன்னைத் தேடி வேலை வந்துவிட்டது. "முதல்ல அவளோட உணர்வ அங்கீகரிக்கணும். ரெண்டாவது, பொறுப்பேத்துக்கணும். மூணாவது..." மைத்துனன் போனில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தான். 'அங்கீகரிக்க' என்பதில் எழுத்து சிக்கி மூன்று தடவை அழித்து எழுதினான். பயிற்சியாளர் அதைப் பார்த்துக்கொண்டே நாலாவதைச் சொல்லப்போய் நின்றார்.

"இரு. எல்லாத்தையும் அழிச்சிடு" என்றார். "நீ அவகிட்ட என்ன சொல்லணும்னு நெனக்கிற?"

கேட்டுவிட்டுப் பொறுத்திருந்தார். மைத்துனன் டிவியைப் பார்த்தான், தன் விரல் நகத்தில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தான். பயிற்சியாளருக்கு நாலு பதில்கள் நாக்கு நுனியில் நின்றன. உதட்டைக் கடித்துக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆனதோ, அவருக்கு அது அந்த இரண்டு வாரத்தைவிட நீளமாக இருந்தது.

"லிஃப்ட்ல மேல தனியா நிக்கும்போது அவகிட்ட நிறையப் பேசுவேன்" என்றான் மைத்துனன். "வீட்டுக்கு வந்தா அதெல்லாம் சொல்லிட்ட மாதிரியே இருக்கும்."

"அதையே எழுது."

"இதையா?"

"இதையேதான். ஒரு எழுத்து மாத்தாத."

அவன் எழுதினான், அனுப்பினான், போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கையால் அதைப் பொத்திக்கொண்டான். கால்மணி நேரத்தில் பதில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவரிடம் நீட்டினான். "இது யார் சொல்லிக்குடுத்தது? உங்க அத்தானா?" என்று கேட்டிருந்தாள்.

"என்ன போடட்டும்?"

"இல்லன்னு போடு" என்றார் பயிற்சியாளர். சொல்லும்போது அவருக்கு எங்கேயோ வலித்தது. நல்ல வாசகம், தன் பேரில் போயிருக்கலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. போன பார்வை திரும்பவில்லை, அது எல்லோருக்கும் முன்பே தெரிந்ததுதான். இருப்பது தங்கியது. கடை முதலாளியிடம் அவள் தானே போய்ச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, இத்தனை நாளில் ஒரு கண்ணாடியாவது தப்பாகப் போயிருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். அப்புறம் என்ன என்று அவர் உள்ளே போய்விட்டார். மைத்துனனின் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். பதினொரு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போனாள். இவன் மொத்தம் பதினாலு வாக்கியம் பேசினானாம். அவளே எண்ணியிருக்கிறாள். மறு ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஒரேயடியாகத் திரும்பி வந்துவிடுவதாகச் சொல்லவில்லை.

ஆபரேஷன் ஆன கண்ணுக்கு ஒரு மாதம் இரண்டு விதமான சொட்டு மருந்து. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் கண்ணை மூடியிருக்க வேண்டும். விடுகிற வேலையைப் பயிற்சியாளர் கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் சில நாள் சொட்டு கன்னத்தில், மூக்கில், ஒரு தடவை காதில்கூட விழுந்தது. இப்போது பழகிவிட்டது. அந்த ஐந்து நிமிடமும் மனைவி கண்ணை மூடிக்கொண்டு அன்றைக்கு நடந்ததைச் சொல்வாள். குறுக்கே பேசுவதில்லை என்று ஒப்பந்தம். அவர் பெரும்பாலும் மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்கிறார்.